மூன்றாம் சென்சாரின் வாக்குமூலம்

அந்தக் கல்குவாரியில் அவரை ஜுர வைத்தியர் என்றால்தான் தெரியும். கனரக வண்டிகளின் புகைக்குழாயில் சூடு பார்க்கும் சென்சார் ஒன்று மக்கர் செய்தால் போதும், ஆள் அனுப்பி அவரைக் கூட்டி வருவார்கள். வந்தவர், சென்சார் சொல்லும் சூட்டைக் காட்டும் ஸ்கேனரைத் தொடமாட்டார். குழாய்க்கு ஒரு முழம் தள்ளி உள்ளங்கையை நீட்டி, கண்ணை மூடி, "நானூத்திப் பத்து" என்பார். ஸ்கேனரைச் செருகினால் நானூற்றுப் பன்னிரண்டு காட்டும். "ஸ்கேனரை மாத்துங்கப்பா, ரெண்டு டிகிரி பிசகுது!" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். அவருடைய தலைக்கனத்தை ஏற்றினால் பத்துச் சக்கர லாரியே பின்னங்காலில் நின்றுவிடும்.

அப்பேர்ப்பட்டவரை நான்கு மாதமாக ஆறாம் நம்பர் மண்ணள்ளும் எக்ஸ்கவேட்டர் நாயாக அலையவிட்டது.

அதை ஓட்டுகிறவன் அவருடைய மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடமாக அவன் வேறு வண்டியில் ஏறியதில்லை. தன் முகத்தைக் கழுவுவதைவிட அதிக நேரம் அதன் கண்ணாடியைக் கழுவுவான். வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தால் இவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அந்த வண்டிதான் இப்போது பாதி வேலையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு தளர்ந்துவிடுகிறது. மலையைப் பெயர்த்தது போய், ஒரு கூடை மணலைத் தூக்க முக்கி முனகுகிறது.

புகைக்குழாயில் வரிசையாக நான்கு சென்சார்கள். மற்ற மூன்றும் ஒழுங்காகப் பேசின. புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்குப் பின்னால் இருந்த மூன்றாவது மட்டும் எழுநூறு டிகிரி என்று அலறியது.

"மூணாவது பய புளுகுறான்" என்றார் ஜுர வைத்தியர். மாற்றினார். எட்டாம் நாள் மறுபடி சிவப்பு விளக்கு. மறுபடி மாற்றினார். பிறகு வயரை மாற்றினார், அப்புறம் இன்னொரு தடவை சென்சாரை மாற்றினார். சென்சார் செய்த கம்பெனியைத் திட்டினார், ஸ்டோர்க்காரரைத் திட்டினார், மழையைத் திட்டினார். எலியைக்கூட விட்டுவைக்கவில்லை. உலகத்தில் அவர் திட்டாமல் விட்டது ஒரே ஒரு ஆளை. அந்த ஆள் தினமும் காலையில் அவர் கண்ணாடியில் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சைட் மேனேஜர் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். என்ன கோளாறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சரியாகாதுன்னா ஆறாம் நம்பரை உடைக்க அனுப்பிடுவேன்."

"அப்ப என் மாப்ள?"

"அவருக்கா வேலை இல்ல? கேட்டுல ஒரு நாற்காலி காலியா இருக்கு. போற வர்ற லாரிய எழுதிக்கட்டும்."

அன்று சமையலறை வாசலில் மனைவி வழிமறித்தாள். "ஊர்ல இருக்குற வண்டிக்கெல்லாம் காய்ச்சல் பாக்குறீங்க. என் தம்பி வண்டின்னா மட்டும் கை நடுங்குதா?"

"நடுங்குறதாவது! மூணு தரம் மாத்தியாச்சுடி."

"மூணு தரம் மாத்தியும் சரியாகலன்னா, மாத்த வேண்டியது வேற என்னமோதானே?"

அவருக்குச் சுரீர் என்றது. தட்டை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

சென்சார் புளுகுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதல் வருடப் பாடத்தில் முதல் பக்கம். வண்டி நன்றாக ஆறிக் கிடக்க வேண்டும். காலையில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், நான்கு சென்சாரும் காற்றின் சூட்டையே சொல்ல வேண்டும். எது மாற்றிச் சொல்கிறதோ அதுதான் புளுகன். கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் இதைப் பாடம் நடத்தியவர், ஆறாம் நம்பரில் ஒரு தடவைகூட இதைச் செய்து பார்க்கவில்லை. கை இருக்கும்போது சாவி எதற்கு என்ற மிதப்பு ஒன்று. இன்னொன்று மைத்துனனின் மரியாதை. மாமா வருகிறார் என்றால் அரை மணி முன்பே வண்டியைக் கிளப்பிச் சூடேற்றி வைத்துவிடுவான்.

புதன்கிழமையே படித்துப் படித்துச் சொன்னார். "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் கிளப்பாத."

வியாழன் காலை வந்தால் புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன்டா கிளப்புன?"

"முழுசாக் கிளப்பல மாமா. சும்மா பத்து நிமிஷம். நீங்க வரும்போது வண்டி பொணம் மாதிரி கெடந்தா எனக்கு மனசு கேக்குமா?"

"மாப்ள, பொணம் மாதிரி கெடந்தாதான்டா எனக்கு வேணும்!"

அன்று சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை. பனி ஈரத்தில் வண்டி குளிர்ந்து கிடந்தது. மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். ஜுர வைத்தியர் ஸ்கேனரைச் செருகினார், சாவியைத் திருப்பினார்.

இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு.

அவர் ஸ்கேனரைத் தட்டினார். அணைத்துப் போட்டார். இருபத்திரண்டுதான்.

"எல்லாம் ஒண்ணாக் காட்டுதே மாமா! அப்ப சரியாயிடுச்சா?"

அவர் ஸ்கேனரைக் கீழே வைத்தார். மூன்றாவது புளுகவில்லை என்றால் நான்கு மாதமாக அது கண்டதைத்தான் சொல்லியிருக்கிறது. உள்ளே நிஜமாகவே எழுநூறு எரிந்திருக்கிறது.

பிறகு மதியம் வரை இருவரும் பிரித்தார்கள். ஐந்தாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. எரியாத டீசல் புகையோடு போய் வடிகட்டியில் பற்றி எரிந்திருக்கிறது. வடிகட்டியின் நெஞ்சு மெழுகாய் உருகி ஒட்டியிருந்தது. ஆயில் தண்ணீராகி டீசல் வாடை அடித்தது. சிலிண்டருக்குள் கேமராவை விட்டால் சுவர் முழுக்கக் கோடு கோடாய்ச் சுரண்டல். எலும்பு வரை தேய்ந்த இன்ஜின். நான்கு மாதத்துக்கு முன் என்றால் ஒரு இன்ஜெக்டர், அரை நாள் வேலை, நடுவில் ஒரு டீ.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத நாளே அது சொல்லிருச்சு மாப்ள. நான்தான் அதைப் புளுகன்னேன்."

மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். "என்னாலதான். நான் சூடு பண்ணி வெச்சதாலதான் உங்களுக்குத் தெரியாமப் போச்சு."

"சும்மா இருடா."

"இல்ல மாமா, அப்படியே எழுதுங்க. டிரைவர் பேச்சக் கேக்கலன்னு எழுதுங்க. நான் எப்படியும் கேட்டுக்குத்தான் போறேன். உங்க பேராச்சும் மிஞ்சட்டும்."

 அப்படியே எழுதிவிட ஜுர வைத்தியருக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு பீடி எரியும் நேரம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு காகிதத்தை எடுத்து எழுதினார்: 'சென்சார் முதல் நாளிலிருந்தே சரி. கோளாறு இன்ஜெக்டரில். பார்த்தவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. டிரைவர் மீது பிழை இல்லை.' கீழே கையெழுத்து. வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

மேனேஜர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நாலு சென்சாரும் நல்லாருக்கு?"

"நல்லாருக்கு. கீழ கொஞ்சம் படிங்க..."

"கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. ஒம்பதாம் நம்பருக்கு ஆகும். நாளைக்கு உடைக்கிறவங்க வர்றாங்க."

"டிரைவர் மேல தப்பில்லன்னு எழுதிருக்கேன், அவருக்கு வேற வண்டி..."

"கேட்டுன்னு சொல்லியாச்சே."

அவர் திரும்பி வந்தபோது மைத்துனன் வண்டிக்குள்ளிருந்து தன் துண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.  மாமாவின் முகத்தைப் பார்த்தான், போய் ஸ்பேனரை எடுத்து வந்தான்.

முதல் இரண்டும் நான்காவதும் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, இருவரும் மாறி மாறித் தொங்கிக் கழற்றினார்கள். மூன்றாவதற்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. ஜுர வைத்தியர் லேசாக முறுக்கினார், புத்தம் புதுசாகக் கையோடு வந்துவிட்டது.