வெயிலில் நின்ற தேர்

மிக்ஸி பாதிச் சட்னியில் நின்றது. கூட்டேரிப்பட்டில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், சாயங்காலம் ஆறரை மணிக்கு. தேங்காயும் பொட்டுக்கடலையும் இன்னும் ஒன்றோடொன்று சேராமல் ஜாருக்குள் முறைத்துக்கொண்டு கிடக்க, டிரெய்லரில் இருந்த இன்வெர்ட்டர் மூன்று முறை கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது. மாதா சிலையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த நீலச் சீரியல் பல்பு அணைந்தது. ஜெபமாலையின் நடுவில் மைக் செத்தது. காவி உடுத்திய நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ரோஸ்லினைப் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? எல்லாம் அவள் இழுத்துவிட்ட வேலைதான். ஒலக்கூர் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் இது. முன்னால் அமலதாஸின் டிராக்டர், அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட டிரெய்லர். அதுதான் மாதாவுக்குத் தேர். அதுதான் சமையல்கட்டு, கால் வீங்கியவர்களுக்குப் படுக்கை, நாற்பது போன்களுக்கு சார்ஜ் ஏற்றுகிற இடம். பத்தொன்பது வருஷமாக இத்தனைக்கும் கரண்டு கொடுத்தது சவுண்டு சர்வீஸ் இருதயராஜின் டீசல் ஜெனரேட்டர். அது போடுகிற தடதடப்பில் இவர்கள் ‘மரியே வாழ்க’ என்று கத்தியது மாதாவின் காதில் ஒரு தடவையாவது விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இந்த வருஷம் ஜெனரேட்டரே வேண்டாம் என்று ரோஸ்லின் ஒற்றைக் காலில் நின்றாள். திண்டிவனத்தில் போர்வெல்லுக்கு சோலார் மாட்டிக் கொடுக்கிற கடையில் அவளுக்கு ஆறு வருஷமாக வேலை. பில் போடச் சேர்ந்தவள், இப்போது பேனலைத் தூக்கிக்கொண்டு கூரை ஏறுகிறாள். டிரெய்லரின் கூரை மேல் இரண்டு பேனல், பலகைக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். மூன்று ராத்திரி கண் விழித்து வயர் இழுத்ததும் அவளேதான்.

ஊருக்காகச் செய்யவில்லை. நாத்தனார் லூர்துமேரிக்காகச் செய்தாள். கோயில் பாட்டுக் குழுவில் அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது, ஆனால் அந்த நெஞ்சுக்குப் புகை ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன் ஜெனரேட்டர் புகையில் மூச்சுத் திணறி, பாதி வழியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதோடு அவள் நடை நின்றுபோனது. சாயங்காலமானால் மூச்சு மருந்து மெஷின் பத்து நிமிஷம் ஓட வேண்டும். மெஷினுக்குக் கரண்டு வேண்டும், கரண்டுக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்குப் புகை. மூன்று வருஷமாகக் கொடியேற்றத்தை டிவியில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளை இந்த முறை அனுப்பும்போது, அவள் தம்பியும் ரோஸ்லினின் கணவனுமான ஆண்டோ ஒன்றே ஒன்றுதான் சொன்னான். “ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆச்சின்னா நீ பஸ் ஏறிடணும்க்கா.”

இருதயராஜ் சும்மா வரவில்லை. குட்டி யானை வேனில் தார்ப்பாய் போட்டு மூடி, ஜெனரேட்டரையும் ஒரு தைரியத்துக்குக் கொண்டுவந்திருந்தார். இப்போது வாயெல்லாம் பல்லாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, சூரியன் வூட்டுக்குப் போய்ட்டாரா? ஜெனரேட்டருக்கு ஹேண்டில் போடட்டா?”

“போடுங்கண்ணே,” என்றது லூர்துமேரிதான். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. “எனக்கோசரம் இத்தினி பேரு இருட்டுல துன்னணுமா? நாளைக்கி விழுப்புரத்துல நான் பஸ் ஏறிக்கிறேன்.”

ரோஸ்லின் குறுக்கே வந்து நின்றாள். “அண்ணே, ஒரே ஒரு நாள் குடுங்க. நாளைக்கி சாயங்காலம் விழுப்புரம் போறதுக்குள்ள பேட்டரி ஏறலன்னா நீங்க ஹேண்டில் போடுங்க. நானே அண்ணியக் கூட்டிக்கினு போய் பஸ் ஏத்தி விடறேன்.”

இருதயராஜ் நல்ல மனுஷர். வாய்தான் அப்படி. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் டார்ச் எடுத்து வந்து பிடித்தார். பல்பு, மைக், போன் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டதும் பேட்டரியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்சத்தில் மெஷின் பத்து நிமிஷம் ஓடியது. மற்றவர்கள் இட்லிக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பொடியைத் தொட்டுக்கொண்டு, வெந்ததா வேகாததா என்று தெரியாமலே விழுங்கினார்கள்.

மறுநாள் விடியற்காலையில் நடக்கத் தொடங்கியபோது ரோஸ்லின் டிரெய்லரை விட்டு நகரவில்லை. எந்த வயரில் கோளாறு? பேட்டரியே மோசமா? பேனலிலிருந்து எத்தனை ஆம்பியர் வருகிறது என்று காட்ட மூலையில் மாட்டியிருந்த சின்ன மீட்டரை நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். வெயில் ஏற ஏற நம்பரும் ஏறியது. எட்டரைக்குப் பதினைந்து, ஒன்பதரைக்கு இருபத்தைந்து. குறையே இல்லை. அப்புறம் நேற்று மட்டும் என்ன கேடு வந்தது?

விக்கிரவாண்டி தாண்டி ஏரிக்கரையில் ஓர் ஆலமரம். வெயில் நேரத்துக்கு அங்கேதான் தங்கல், மூன்றரைக்கு மேல்தான் திரும்ப நடை. அமலதாஸ் டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, இன்னும் நாலடி தள்ளி, மரத்தின் அடர்ந்த நிழலுக்குள் டிரெய்லரை அங்குலம் அங்குலமாகச் செருகி நிறுத்தினார். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிற பதவிசு. மீட்டர் மூன்றுக்கு இறங்கியது.

ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். நேற்றும் இதேதான் நடந்திருக்கிறது. திண்டிவனத்தில் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை அவள் கட்டையாகத் தூங்கிக்கொண்டிருக்க, கொளுத்துகிற நல்ல வெயில் மொத்தமும் வீணாகப் போயிருக்கிறது.

“மாமா, வண்டிய வெளிய எடுங்க. வெயில்ல நிறுத்துங்க.”

அமலதாஸ் கெட்ட வார்த்தை கேட்டவர்போல நிமிர்ந்தார். “வாய் கூசல உனக்கு? நாம நெழல்ல குந்திக்கினு மாதாவை வெயில்ல நிறுத்தறதா?”

“பேனலுக்கு அடியில அவங்க நெழல்லதான மாமா இருக்காங்க?”

“நெழலு இருக்கும்மா. கூட யாரு இருக்கா? ஜனம் பூரா மரத்தடியில படுத்துக்கினு, அவங்க மட்டும் அங்க ஒண்டியாவா? உன்னப் பெத்தவள அப்படி விட்டுட்டு உனக்குத் தூக்கம் வருமா?”

சிலையை இறக்கி நிழலில் வைக்கவும் வழியில்லை. வேளாங்கண்ணி போய்ச் சேருகிறவரை தேரை விட்டு இறக்குவதில்லை என்பது நேர்ச்சை. வோல்ட்டும் ஆம்பியரும் ரோஸ்லினுக்குத் தலைகீழ்ப் பாடம், அமலதாஸிடம் அது செல்லுபடியாகவில்லை. இவ்வளவு செய்தும் அண்ணியை பஸ் ஏற்றத்தான் போகிறோமா?

மரத்தில் சாய்ந்து கால் நீட்டியிருந்த லூர்துமேரி எழுந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு டிரெய்லரில் ஏறி, சிலைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“நான் இருக்கேன் அவங்க கூட. வண்டிய எடுங்க மாமா.”

அமலதாஸ் அவளைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், மண்டையைச் சொறிந்தார். பிறகு டிராக்டரைக் கிளப்பி, கரைக்குக் கீழே பொட்டல் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மீட்டர் முப்பத்தெட்டைத் தொட்டது. ரோஸ்லின் ஒரு சின்ன ஃபேனை மாட்டி நாத்தனார் பக்கம் திருப்பிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தாள். லூர்துமேரி மெதுவாகப் பாட ஆரம்பித்தாள்.

பாட்டுக்காகவோ, மனசு கேட்காமலோ, மரத்தடியிலிருந்து ஒவ்வொருத்தராக வந்தார்கள். டிரெய்லரின் ஓரமாக விழுந்த ஒரு முழ நிழலில் அத்தனை பேரும் ஒண்டினார்கள். நிழல் நகர நகர, பந்தியில் இலைக்கு இடம் பிடிக்கிற மாதிரி இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அவர்களும் நகர்ந்தார்கள். ஆலமரத்தடியில் கடைசியில் மிஞ்சியது இருதயராஜும் அவர் ஜெனரேட்டரும்தான். எவ்வளவு நேரம் அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்? “அங்க ஒரே போர்ம்மா,” என்று முனகிக்கொண்டு வந்தவர் கையில் ஜெனரேட்டரை மூடியிருந்த தார்ப்பாய் இருந்தது. டிரெய்லர் பக்கவாட்டில் ஒரு முனையையும் வேலிக் கம்பில் மறு முனையையும் கட்டி, எல்லோருக்கும் பந்தல் போட்டுவிட்டார். “பேனல் மேல வுழாம பாத்துத்தான் கட்டிகிறேன்” என்று அவராகவே சொல்லவும் ரோஸ்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் சீரியல் பல்பு எரிந்தது, மைக் பாடியது, மெஷின் பத்து நிமிஷத்துக்குப் பதினைந்து நிமிஷம் ஓடியது. எதிர்ச் சாரியில் திண்டிவனம் பஸ் ஒன்று மெதுவாகப் போக, கண்டக்டர் எட்டிப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார். லூர்துமேரி ஆண்டோவுக்கு போன் போட்டு, பாட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாள்.

மூன்றாம் நாள் பண்ருட்டி ரோடு. காலை ஒன்பது மணிக்கே இருதயராஜ் குட்டி யானையை எடுத்துக்கொண்டு தங்க இடம் பார்க்கப் போய்விட்டார். பத்து மணிக்கு ரோஸ்லினின் போன் அடித்தது.

“தங்கச்சி, பெரிய பேஜாராக்கீது. எங்க பாத்தாலும் மரமா நட்டு வச்சிக்கிறானுங்க!”

பலா, முந்திரி, புளி. ரோட்டின் இரண்டு பக்கமும் குளுகுளுவென்று நிழல். இவர்கள் அதில் வயிற்றெரிச்சலோடு நடந்தார்கள். அமலதாஸ் நல்ல புளியமரம் ஒன்றைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார், பிறகு தானாகவே கூட்டிக்கொண்டார். ஒரு வளைவு திரும்பியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மல்லாட்டை பிடுங்கிய நிலம், மொட்டையாக, பளபளவென்று வெயிலில் கிடந்தது. நட்ட நடுவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இருதயராஜ் நின்றிருந்தார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

“இங்க வாங்க! ஜல்தி வாங்க! ஒரு செடிகூடக் கெடையாது!”

டிராக்டர் ரோட்டை விட்டு இறங்கியது. நாற்பத்திரண்டு பேரும் செருப்பில்லாத காலோடு, நிழலை விட்டுவிட்டு, மாதாவின் பின்னால் அந்த வெயிலுக்குள் நடந்தார்கள்.