வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?

என் அண்ணன் தொப்பையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் நான் பிழைப்பேன். டாக்டர் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை, ஆனால் விஷயம் இதுதான். என் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. வீட்டில் எனக்குப் பொருந்துகிற ரத்தம் அண்ணன் ஒருவனுக்குத்தான். அவன் ஈரலில் ஒரு துண்டை வெட்டி எனக்கு வைக்கலாம், ஆனால் அதில் முழுக்கக் கொழுப்பு.

"எடையைக் குறைச்சுட்டு வாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். அதுக்கு மேல உங்க தங்கச்சி உடம்பு தாங்காது" என்று டாக்டர் அவனிடம் சொன்னார். பக்கத்தில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் பஸ் டிரைவர். சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரல் நுழையாது. டெப்போவில் அவனுக்கு 'டபுள் டிக்கெட்' என்று பெயர். டீ என்றால் கால் கிளாஸுக்குச் சர்க்கரை போட்டுக் கலக்குகிற ஜென்மம். அப்படிப்பட்டவன் அன்றைக்கே சர்க்கரையை விட்டான், ராத்திரிச் சோற்றையும் விட்டான்.

நான் தையல்காரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். "அளவு எடு." நான் டேப்பை இடுப்பைச் சுற்றிப் போடுவேன். முதல் ஞாயிறு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான், திருடன்.

"மூச்சை விடு, எருமை!" என்று கத்தினேன். "டேப்பை ஏமாத்தலாம், டாக்டரை ஏமாத்த முடியுமா?"

விட்டான். ஒரு நூல்கூட இறங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவனைக் கடித்துக் குதறிவிடலாம் போல வந்தது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் தானாகத் தலை பின்னத் தெரியாது அவளுக்கு. இவன் தொப்பையில் என் உயிர் தொங்குகிறது, இவன் மூச்சுப் பிடித்து விளையாடுகிறான்.

அந்த வாரம்தான் கண்டக்டர் அந்த டீயைக் கொடுத்திருக்கிறார். பச்சைப் பாக்கெட், மேலே ஒடிசலான ஒருத்தியின் இடுப்பு. எல்லாம் இலையும் வேரும்தான், மருந்தே கிடையாது, வெறும் டீ, ஒரு நாளைக்கு ஒரு கப் என்று போட்டிருந்தது. என் அண்ணன் கணக்கு வேறு.

"ஒரு கப்புக்கே இளைக்கும்னா, ஒரு ஃப்ளாஸ்க்குக்கு எவ்வளவு இளைக்கும்? நீயே சொல்லு."

மோந்து பார்த்தேன். ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துபோன வாடை. "இதைக் குடிக்கிறதுக்கு நான் செத்தே போகலாம்" என்றேன்.

"வாயைக் கழுவுடி" என்று அதட்டிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தான்.

ஒரு நாள் வயிறு கலக்கி, பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் பக்கத்து ஓட்டல் கக்கூஸுக்கு ஓடியிருக்கிறான். திரும்பி வந்தபோது பஸ்ஸே கைதட்டியதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்ததில் என் வீங்கிய வயிறு வலித்தது. ஆனால் டேப் இறங்கியது. வாராவாரம் இறங்கியது. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு அவன் பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்தேன், அடுத்த வாரம் மறுபடியும் பிடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எதையும் தைத்ததில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசிப் பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள்.

"மருந்து, மாத்திரை, வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமே சாப்பிடுறதில்லை சார். பாதி நாள் பட்டினிதான்" என்றான் அண்ணன், பெருமை பொங்க. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அவன் கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"கொழுப்பு குறைஞ்சிருக்கு. ஆனா ஈரல் பயங்கரமா அடி வாங்கியிருக்கு. எதனாலன்னு தெரியலை. நிஜமாவே எதுவும் சாப்பிடலையா?"

"என் தங்கச்சி மேல சத்தியம் சார்." என் தலையில் கை வைத்தான்.

நர்ஸுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "காலையிலேருந்து வெறும் வயிறு. கேன்டீன்ல ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்கண்ணா."

"வேண்டாம் சிஸ்டர், நான் என் டீயைத்தான் சாப்பிடுவேன்" என்று பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன டீ?"

சோறும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம், டீயும் சாப்பிடுகிறோம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான். இருந்தும் அவர் கேட்டபோது அவன் மண்டையிலும் டீ வரவில்லை, என் மண்டையிலும் வரவில்லை. டாக்டரிடம் போய் டீயை யார் சொல்வார்கள்?

"இந்த மாதிரி டீ சில பேருக்கு ஈரலையே கெடுத்துடும்" என்றார் டாக்டர். "இன்னையோட நிறுத்தணும். தேறி வர மாசக்கணக்கா ஆகலாம். அதுவரைக்கும் இவர் மேல நான் கத்தி வைக்க முடியாதும்மா."

"இந்த மாசக் கடைசியைத் தாண்டக்கூடாதுன்னீங்களே?"

"வேற யாராவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வேறு யாரும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

வராந்தாவுக்கு வந்ததும் அவனை அடித்தேன். என் கையில் என்ன பலம் இருக்கிறது, இருந்தாலும் அடித்தேன். "பாழாப்போனவனே, ஒரு கப்புன்னுதானே போட்டிருந்தது! ஒரு கப்புன்னுதானே!"

நழுவுகிற பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றான். "உன்னைக் காப்பாத்தத்தாண்டி..." குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜன்னல் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தேன். அவன் கண் மஞ்சளாக இருந்தது, என் கண் மாதிரியே. சின்ன வயதிலிருந்து எங்களைப் பார்த்த ஒருவர்கூடக் கூடப்பிறந்தவர்கள் என்று நம்பியதில்லை.

ஃப்ளாஸ்க்கைப் பிடுங்கி, கை கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரை உதறினேன்.

"அண்ணா, எனக்குச் சாகப் பயமா இருக்கு" என்றேன். இத்தனை நாளில் யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல், வாய்ப் பழக்கத்தில் கேட்டான்.

"ஒரு டீ சாப்பிடுறியா?"