மாடிப்படி இடது பக்கம்

ஜி.பி.எஸ். சார் ஒரு பழைய புகைப்படத்தைக் கையில் வாங்கினால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்களுக்குப் படம் பார்க்கக் கண் வேண்டும், அவருக்கு வேண்டாம். மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "இது பழைய தபாலாபீஸ் பின்னாடி இருந்த சந்து" என்பார். கூட்டம் கைதட்டும். அந்தப் பட்டப்பெயரைக் கொடுத்ததும் இந்தக் கூட்டம்தான். அவரும் அதைக் கிண்டல் என்று நினைக்காமல் முகவரி அட்டையிலேயே அச்சடித்து வைத்துக்கொண்டார்.

காப்பீட்டு நிறுவனத்தில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கையோடு ஊரின் கடந்த காலத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடுவார்கள். திரையில் பழைய படங்களைப் போட்டு, எந்த இடம் என்று கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிப்பது என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. யாருடைய தொண்டை பெரிதோ அவர் சொன்னதுதான் இடம்.

நான் ஒரு பத்திரிகையின் படப்பிரிவில் இருக்கிறேன். பழைய படங்கள் எங்கே எடுத்தவை என்று பார்த்து எழுதி வைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. ஊர் மாறும்போது கீழ்த்தளம்தான் முதலில் மாறும். துணிக்கடை மருந்துக்கடையாகும், மருந்துக்கடை செல்போன் கடையாகும், கண்ணாடியும் விளக்குமாக மினுக்கிக்கொள்ளும். மாடியை எவனும் சீந்த மாட்டான். பால்கனிக் கம்பி பழைய வளைவோடு துருப்பிடித்துக் கிடக்கும். ஆகவே அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் ஒருவருக்கும் கழுத்து வளையாது.

இருந்தும் அங்கே போனேன், சித்திக்காக.

சித்தி என் அம்மாவின் தங்கை. தையல்காரி. அவள் புருஷன் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் கழுவிப் பிரிண்ட் போடுகிறவன். அந்த ஆளை நான் சித்தப்பா என்று சொல்வதில்லை. கல்யாணமான சூட்டிலேயே, துறைமுக ஊரில் ஸ்டுடியோவுக்குக் கிளை திறக்கிறார்கள், வீடு பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிப் போனான். பிறகு ஒரு கூட்டாளி கையில் ஒரே ஒரு படம் கொடுத்தனுப்பினான். தெருமுனையில், வெளிப்பக்கமாக மாடிப்படி வைத்த ஒரு கட்டடத்துக்கு முன்னால், சித்தி தைத்துக் கொடுத்த சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். தலைக்கு மேலே பால்கனியில் சின்னக் குழந்தையின் சட்டைகள் காய்கின்றன. பெயர்ப்பலகை ஒன்றும் தெரியாதபடி கத்தரித்த படம். அதோடு ஆளும் இல்லை, பேச்சும் இல்லை.

அவன் ஓடிவிட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது, சித்தியைத் தவிர. "அவருக்கு அங்க என்னமோ ஆகிப்போச்சு. இல்லன்னா வராம இருப்பாரா?" என்பாள். படத்தைச் சட்டம் போட்டுத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினாள். முழங்கால் தேய்ந்து மெஷினை மிதிக்க முடியாமல் போன பிறகு அவளுக்கு ஒரே ஒரு ஆசை.

"அவர் நின்ன இடத்துல ஒரு தடவை நின்னுட்டு வந்துடணும்டி. அப்புறம் எனக்கு ஒரு குறையும் இல்ல."

இதை எங்கோ கேள்விப்பட்டு ஜி.பி.எஸ். சாரே அழைத்துவிட்டார். கண்ணீர் வரவழைக்கிற படம் கிடைத்தால் விடுவாரா?

அன்றைக்கும் கண்ணை மூடினார், திறந்தார். "இதே மாதிரி கட்டடம் நம்ம ஊர்லயும் ஒண்ணு இருக்கு. ஆனா அதுல மாடிப்படி வலது பக்கம். இதுல பாருங்க, இடது பக்கம்! அப்ப இது நம்ம ஊர் இல்ல. துறைமுக ஊர்தான். ரெண்டையும் ஒரே இன்ஜினீயர்தான் கட்டினார்."

அந்த இன்ஜினீயர் அவர் வாயில் அந்த நிமிடம் பிறந்தவர். கூட்டத்தில் இரண்டு பேர் அந்த இன்ஜினீயரைத் தெரியும் என்று தலையாட்டினார்கள்.

"அம்மா, ஒண்ணும் கவலைப்படாதீங்க. அடுத்த மாசம் குழுவோட உங்களைக் கூட்டிட்டுப் போறேன். உங்க வீட்டுக்காரர் நின்ன அதே இடத்துல உங்களை நிக்க வெச்சுப் படம் எடுக்கறோம். நம்ம கண்காட்சியில அதுதான் முதல் படம்!"

சித்தி இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 

கண்காட்சிக்குப் பெரிதாக்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. மறுநாள் அலுவலகத்தில் படத்தைத் திரையில் விரித்தேன். பால்கனிக்குப் போகிற வழியில் சட்டையில் கண் நின்றது. பாக்கெட் வலது பக்கம் இருந்தது. பொத்தான்கள் பெண்பிள்ளைச் சட்டை மாதிரி மாறியிருந்தன. கைக்கடிகாரமும் வலது மணிக்கட்டில்.

நெகட்டிவைக் குப்புறப் போட்டுப் பிரிண்ட் எடுத்தால் இப்படித்தான் வரும், இடது வலதாகிவிடும். கத்துக்குட்டிகள் கைதவறிச் செய்கிற காரியம். இந்த ஆள் கத்துக்குட்டி இல்லை. பெண்டாட்டிக்குத் தெரிந்த தெருவைப் பெண்டாட்டிக்கே தெரியாமல் செய்ய, படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறான். இவ்வளவு யோசித்தவனுக்குத் தன் சட்டைப் பாக்கெட்டை யோசிக்கத் தோன்றவில்லை. அயோக்கியத்தனத்திலும் அரைகுறை.

படத்தைத் திருப்பினேன். மாடிப்படி வலது பக்கம் போனது. எங்கள் ஊரேதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சித்தி வருஷக்கணக்காக நூலும் பொத்தானும் வாங்கப் போன கடையின் முனை. கடை அப்போது வேறு தெருவில் இருந்தது, இங்கே பின்னால்தான் வந்தது. ஜி.பி.எஸ். சார் சரியான கட்டடத்தையே கையில் பிடித்து, படி இடம் மாறியிருக்கிறது என்பதற்காக அதைத் தூக்கி அடுத்த ஊரில் போட்டுவிட்டார். படம் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படம் நேராக இருக்கிறதா என்பது. அதைக் கேட்கக் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஏதோ ஒரு ஊரில், சம்பந்தமே இல்லாத சுவருக்கு முன்னால் சித்தி அழ, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழுங்கம்மா" என்று அந்த மனிதர் சொல்வது காதில் கேட்டது. அதைச் சகிக்க என்னால் ஆகாது.

நான் போனபோது சித்தி பயணப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுச் செருப்பு. சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி பீரோக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன்.

"சித்தி, படத்தைப் பாக்காத. கண்ணாடியில தெரியறதைப் பாரு."

பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு தலை மெதுவாகப் பின்னால் சாய்ந்தது.

"நூல்கடை முக்கு" என்றாள்.

நான் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினேன்.  கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் தெச்ச சட்டைடி. ஊருக்கெல்லாம் பாக்கெட் வெச்சுக் குடுத்திருக்கேன். இது எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு நாள் கூட நான் பாக்கல. மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

விரல் மேலே பால்கனிக்குப் போனது, காய்கிற சட்டைகளுக்கு.

"இதெல்லாம் யாரு வீட்டுக் குழந்தையோடதோன்னு நெனப்பேன். மழை வந்தா எடுக்க ஆள் இருக்குமோ இல்லையோன்னு கூட நெனச்சிருக்கேன்."

 அந்த ஆள் எதிரே இருந்திருந்தால் கடித்தே வைத்திருப்பேன். சித்தி அழவில்லை. மூக்கைச் சிந்திவிட்டுப் புதுச் செருப்பைக் காலில் மாட்டினாள்.

"கேமராவை எடுத்துக்க. வா."

ரயில் பாதையைக் கடந்து, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நூல்கடை இருந்த கீழ்த்தளம் முழுக்க இப்போது செல்போன் கடை. மாடியில் அதே கம்பி, அதே துரு. இப்போது அங்கே யாரும் குடியில்லை. கடைப்பையன்கள் நாங்கள் எதற்கு நிற்கிறோம் என்று பார்த்தார்கள். சித்தி படிக்கு முன்னால், அவன் நின்ற இடத்தில் சரியாக நின்றாள். கைப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

"போர்டு எதுவும் விழாம எடு. அப்புறம் அதையும் திருப்பிப் போட்டு அந்தச் சார்கிட்ட குடு. நாங்களே போயிட்டு வந்துட்டோம்னு சொல்லு."

"எதுக்கு சித்தி? அவர் மூஞ்சியில இதை நேராவே விட்டெறியலாம்."

"வேணாம். ஒரு முழு ஊரையே எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்காரு. பாவம், அவரே வெச்சுக்கட்டும்."

கண்காட்சியில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கீழே துறைமுக ஊரின் பெயர், கொட்டை எழுத்தில். "பாத்தீங்களா, படி இடது பக்கம்! நான் அடிச்சுச் சொன்னேன்" என்று ஜி.பி.எஸ். சார் வருகிறவர் போகிறவர் தோளையெல்லாம் தட்டினார். ஒரு அம்மாள் அந்தத் தெருவில்தான் தன் அத்தை வீடு இருந்தது என்றார். இன்னொருவர் அங்கே வீசுகிற கடல்காற்றைப் பற்றிப் பேசினார். வலது பக்கப் பாக்கெட்டும் வலது தோளுக்குப் போய்விட்ட கைப்பையும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்தன. கைப்பைக்குச் சொந்தக்காரி அதை இடது தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஒரு ஜென்மம் பார்க்கவில்லை.

சார் மைக்கைச் சித்தி கையில் கொடுத்துக் குரலைக் குழைத்தார். "சொல்லுங்கம்மா, இத்தனை வருஷம் கழிச்சு, இந்த வயசுல, அவ்வளவு தூரம்... பயணம் எப்படி இருந்துச்சு?"

சித்தி இரண்டு படத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பெரிய தூரம் சார்? எங்க வீட்டுக்காரர் போன தூரம்தான். நான் மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டேன். அவருக்குத்தான் வழி தெரியல."