டீலர் ஆறு காட்டினால்

பஸ் ஓட்டும் ஷங்கருக்கு, கசினோவில் ஆடும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் தன்னால் ஜெயிக்க முடியும் என்று உறுதியான நம்பிக்கை. போனில் ஆதாரமும் வைத்திருந்தான்: போய் வந்த கணக்கு ஒன்பது வரி, மொத்தம் ஆயிரத்து இருநூற்று நாற்பது வெள்ளி லாபம்.

"அப்போ என்கூட முந்நூறு ஆட்டம் ஆடுங்க" என்றாள் மனைவி ரக்ஷனா. "நீங்க மனசு சொல்றபடி. எப்போ சீட்டு வாங்கணும், எப்போ நிறுத்தணும்னு நான் நெட்ல எடுத்த இந்த அட்டவணைப்படி நான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரேஸ்கோர்ஸ் ரோடு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் நூறு நூறு கொண்டைக்கடலை. ஷங்கரோடு வேலை பார்க்கும் ஃபாரூக்தான் டீலர். "நான் ஆடமாட்டேன், சீட்டு மட்டும் போடறேன் லா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

நூறு ஆட்டம் வரை ஷங்கர் முன்னால் இருந்தான். கடலையைக் குவித்துக் குவித்துச் சிரித்தான். பிறகு குவியல் கரைய ஆரம்பித்தது.

இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்குவதுதான் ஆட்டம். ஒரு ஆட்டத்தில் இருவர் கையிலும் கூட்டினால் பதிமூன்று. ஃபாரூக்கின் திறந்த சீட்டு ஆறு.

"பதிமூணை வச்சு என்ன பண்றது? இன்னொண்ணு போடு" என்றான் ஷங்கர். பத்துக்குச் சமமான ராஜா விழுந்தது. இருபத்து மூன்று, இருபத்தொன்றைத் தாண்டியதால் அவன் கடலை போயிற்று.

ரக்ஷனா சீட்டு வாங்கவில்லை. ஃபாரூக் மூடிய சீட்டைத் திருப்பினான்: பத்து. பதினாறுக்கு டீலர் இன்னொன்று எடுத்தே ஆகவேண்டும். எட்டு வந்தது. இருபத்து நான்கு, டீலரும் உடைந்தான்; ரக்ஷனாவுக்குக் கடலை வந்தது.

"ஆறு காட்டினா நூத்துக்கு நாப்பது தடவைக்கு மேல டீலரே உடைஞ்சிடுவார். நாம ஏன் முந்திக்கணும்?" என்றாள் ரக்ஷனா.

ஷங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு அட்டவணையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். ஆனாலும் பந்தயம் பந்தயம்தான் என்று கடைசிவரை மனசு சொன்னபடியே ஆடினான்.

முந்நூறாவது ஆட்டம் முடிந்தபோது அவனுக்கு முப்பத்தொரு கடலை நஷ்டம். அவளுக்கு மூன்று.

"நீயும் தோத்துட்டியே?"

"இன்னைக்கு எனக்குச் சீட்டும் நல்லா விழுந்துச்சு. எவ்வளவு சரியா ஆடினாலும் போகப் போகக் கொஞ்சம் தோக்கத்தான் செய்வோம். நாம முதல்ல உடையறோம்ல, அந்த லாபம் கசினோவுக்கு."

ஷங்கருக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. போனை எடுத்தான். கசினோவுக்குப் போனது பதினாலு தடவை, எழுதியது ஒன்பதுதான். மீதி ஐந்தையும் பேங்க் ஆப்பில் தேடி எடுத்தான்: ஆயிரத்துத் தொள்ளாயிரம் போயிருந்தது. உள்ளே நுழையத் தடவைக்கு நூற்றைம்பது வீதம் கட்டியது இரண்டாயிரத்து நூறு.

"எழுதி வச்ச லாபத்தைக் கழிச்சும் இரண்டாயிரத்து எழுநூத்தி அறுபது நஷ்டம்" என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். முகம் சுண்டிப்போனது. ஆனால் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வேகமும் வந்தது. யாரும் சொல்லாமலே, கசினோவுக்குள் தன்னை விடக்கூடாது என்று தானே பதியும் படிவத்தைத் தேடிப்பிடித்து அனுப்பினான்.

ரக்ஷனா அவன் தோளில் கை வைத்தாள்.

சாப்பிடக் கீழே இறங்கினார்கள். லிஃப்டிலும் சீட்டாட்டப் பேச்சு நிற்கவில்லை. பரோட்டா மேசைக்கு வந்த பிறகும், கையில் பதினொன்று இருந்தால் பந்தயத்தை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும் என்று ஃபாரூக்குக்கு விளக்கிக்கொண்டே இருந்தான் ஷங்கர்.