மண் இழப்பு: பூஜ்யம்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையின் வரைவிலிருந்து திருடியது. 1983இல் ஒரு பல்கலைக்கழகத்துக்காக அதைத் தட்டச்சு செய்தேன். ‘இரண்டு ஆண்டுகளில் மண் இழப்பு: பூஜ்யம்’ என்று ஒரு வரி. மலேசியாவின் கேமரன் மலையில் மழைக்கு மண் ஓடாத சரிவு கிடையாது. தட்டச்சு செய்பவர் கேள்வி கேட்கக் கூடாது. எனவே கதை எழுதுகிறேன்.

2

பனி மூடிய தேயிலை மலையில் அதிகாலை

(வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சரிவு, சரிவின் உச்சியில் காடு. மண் நிலையாக இருந்தால் காட்டை வெட்டித் தேயிலை நடலாம் என்று துரை நினைக்கிறார். விரிவுரையாளர் ராதாகிருஷ்ணன் வருகிறார். ‘மண்ணைக் காப்போம்’ என்று வகுப்பு எடுக்கிறார்.* சரிவில் ஐம்பது இரும்புக் கம்பிகளை அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெளியே விடுகிறார். மழை மண்ணை அரித்தால் கம்பி நீண்டு தெரியும். மாதம் ஒருமுறை வந்து அளப்பார். கொழுந்து பறிக்கும் வடிவம்மாளிடம், “கம்பிய நல்லா பாத்துக்குங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

* நாற்பது பேர் வந்தார்கள். பிஸ்கட் இருந்தது.

3

வடிவம்மாளை முதலில் ஒன்றும் அறியாதவளாக எழுதினேன். அடித்தேன். பிறகு எல்லாம் அறிந்தவளாக எழுதினேன். அதையும் அடித்தேன். படித்தவர்களுக்கு இந்த இரண்டு வடிவம்மாள்கள்தான் எழுத வருகிறார்கள்.

மூன்றாமவள் வேலையில் சுத்தம். தேயிலைச் செடிகளின் தலை ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பிசகினால் கங்காணி ஏசுவார். இருபது வருடமாக அவள் ஏச்சு வாங்கியதில்லை.

4

அறிக்கை கொடுக்கும் நாள்.

“மண்ணு அசையவே இல்லம்மா. அம்பது கம்பியும் அதே ஒரு சாண்!”

“எப்படி அசையும் சார்? மழை விட்டா கம்பியெல்லாம் கன்னாபின்னான்னு நீட்டிக்கிட்டு நிக்கிது. நாந்தான் சுத்தியால தட்டி மட்டம் பண்றேன்லா. ஒண்ணு பிசகியிருக்கா, சொல்லுங்க!”

ராதாகிருஷ்ணன் பாதையிலேயே உட்காருகிறார்.

“ரெண்டு வருஷமாவா?”

“தீவாளி அன்னிக்கும்தான்.”

“அப்போ போன மண்ணு?”

“என் அடுப்படியில இருக்கு. வந்து பாருங்க. காட்டையும் வெட்டிட்டா நான் கூரை மேலதான் சோறாக்கணும்.”

5

முடிவு அ: அவர் அறிக்கையைக் கிழிக்கிறார். (நம்பாதீர்கள். அவருடைய முனைவர் பட்டம் அதில்தான் இருக்கிறது.)

முடிவு ஆ: கொடுத்துவிடுகிறார். பல்கலைக்கழகம் பாராட்டுகிறது. அடுத்த மழைக்காலத்தில் லயம்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

முடிவு இ: வடிவம்மாள் அடுப்படி மண்ணை ஒரு வாளி நிறைய அள்ளி வருகிறாள்.

“காயிதத்த அப்புறம் குடுங்க சார். மொதல்ல இத துரை மேசையில கொட்டுங்க.”

“நானா?”

“படிச்சவங்க கொட்டுனா ஆராய்ச்சி. நான் கொட்டுனா வேல போயிரும்.”

அவர் வாளியைத் தூக்கிப் பார்க்கிறார். கனம். அலுவலகக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே துரை காடு வெட்டும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

இறுதி அறிக்கையை நான் பார்க்கவில்லை. ஆகவே இதோடு நிறுத்துகிறேன். வாளியின் கைப்பிடியில் இன்னொரு கைக்கு இடம் இருக்கிறது. நீங்களும் படித்தவர்தானே?