கிளட்ச் மிதிக்கும் இடது கால்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

என் தம்பிக்குக் குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். சிசேரியன். ஒரு மத்தியானம் அவன் மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி பார்த்தாள், முடியவில்லை. நான் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னேன்:

"உனக்கென்ன, வயித்தைக் கீறி எடுத்துக் கையில குடுத்துட்டாங்க. நான் ரெண்டையும் முக்கிப் பெத்தவ. மறுமாசமே வேலைக்குப் போயிட்டேன்."

அவள் மூன்றாவது முயற்சியில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

நான் கதை எழுதுகிறவள். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறவள் என்று பெயர் எடுத்தவள். இந்த வாக்கியத்தை மட்டும் யோசிக்காமல் போட்டுவிட்டேன். அதை அடித்து எழுத முடியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "வலி ஒரு காட்டு விலங்கைப் போல அவள் இடுப்பில் பதுங்கி…"

வேண்டாம். விலங்கும் இல்லை, காடும் இல்லை. எப்படி வலிக்கிறது என்று அவளிடமே கேட்டேன். "கதவுல கீல் கழண்டா எப்படி இருக்கும் அண்ணி? அப்படி. மூடுது, தொறக்குது, ஆனா ஆடுது" என்றாள். அவள் சொன்னதே போதும்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்."

இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "நான் எங்க அழுதேன்? எரிச்சல்பட்டேன்னு எழுதுங்க. உங்க தம்பி மேல ஒரு தலையணையை விட்டெறிஞ்சேன், அதை எழுதுங்க" என்றாள்.

மூன்றாவது தொடக்கம்: அவள் பேருந்து ஓட்டுகிறாள்.

இது நிற்கும். பதினோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பணிமனையில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். ஹாரனைத் தொடவே மாட்டாள் என்பதால். ஓட்டுநர் இருக்கைக்கு ஏறும் முதல் படி அவள் முழங்கால் உயரம். கிளட்சை ஒரு நடைக்கு முந்நூறு முறையாவது மிதிக்க வேண்டும், எல்லாம் இடது காலால். அவளுக்கு வலிப்பதும் இடது பக்கம்தான். முதுகின் அடியில் தொடங்கி, புட்டத்தைச் சுற்றி, முன்பக்கம் தொடை சேருமிடத்தில் வந்து குத்தும்.

(இங்கே ஒரு பத்தி முழுக்க வலியை வர்ணித்திருந்தேன். எடுத்துவிட்டேன். எது எதெல்லாம் முடியவில்லை என்று சொன்னாலே விளங்கிவிடும்: ஒற்றைக் காலில் நின்று பேண்ட் போட. படுக்கையில் புரண்டு படுக்க. தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்க. அரைமணிக்கு மேல் உட்கார. உட்கார்ந்த பிறகு எழ.)

3

இப்போது என் தம்பியைப் பற்றி எழுத வேண்டும். இவன் எனக்குப் பிடிபடவே இல்லை. கெட்டவனாக எழுதினால் பொய், நல்லவனாக எழுதினால் அதுவும் முக்கால் பொய்.

தைலத்தை எடுத்து இடுப்பைப் பிடித்துவிடுவான். பத்தாவது நிமிடம் கைப்பேசியைப் பார்ப்பான். "முதுகுல போட்டாங்களே ஊசி, அதான் காரணம். ஆயுசுக்கும் வலிக்குமாம்" என்பான்.* யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும்தான் என்பான். "பேசாம வேலையை விட்டுடு. ஆறு மாசம் அசையாம படு" என்று அன்பாகத்தான் சொன்னான். தலையணை பறந்தது அப்போதுதான்.

"படுத்தாத்தான் அதிகமா பிடிக்குது. அது புரியாம படு படுன்னா?"

* ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், மாதக்கணக்கில் தொடரும் வலிக்குப் பெரும்பாலும் அது காரணமில்லை என்று பிசியோதெரபிஸ்ட் பிறகு சொன்னார். அதைத் தம்பியிடம் சொன்னேன். "அவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றான். இவனை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

4

பத்தாவது வாரம் பிசியோதெரபிஸ்டிடம் போனோம். குழந்தையை வைத்துக்கொள்ள நானும் கூடப் போனேன். சின்ன அறை, ஒரு உயரக் கட்டில், மூலையில் ரப்பர் பந்துகள். அந்த அம்மாள் அவளைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? கால் மரத்துப்போகிறதா? தையல் போட்ட இடத்தில் சிவப்பு, நீர்க்கசிவு? பத்து வாரமாக எங்களில் ஒருவர்கூட அவளைக் கேட்காத கேள்விகள்.

"ஒண்ணுக்கு அடக்க முடியுதாம்மா?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தும்மினா, இருமினா கொஞ்சம் போயிடுது."

"இதையும் சரிபண்ணலாம். சொன்னது நல்லதாப் போச்சு."

அப்போது நானும்… அந்த அறையில் நானும் ஒரு வார்த்தை… (இந்த வாக்கியத்தை நான்கு தடவை தொடங்கிவிட்டேன்.)

சரி. நான் பத்தொன்பது வருடமாகத் தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொள்கிறவள். பயணம் போனால் தண்ணீர் குடிக்காதவள். யாரிடமும் சொன்னதில்லை. மறுமாசமே வேலைக்குப் போன வீராங்கனையின் கதையில் இந்தப் பக்கம் கிடையாது. அன்றைக்கும் வாயைத் திறக்காமல் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் அவளைக் கட்டிலில் படுக்கவைத்தார். "வயித்துத் தசை பத்து மாசம் விரிஞ்சு, அப்புறம் கத்தியும் பட்டிருக்கு. முன்பக்கம் தாங்கலேன்னா முதுகு எல்லாத்தையும் சுமக்குது. தையலுக்குப் பயந்து குனிஞ்சே நடக்கறீங்க. பால் குடுக்கறப்பவும் குனியறீங்க. குழந்தைகிட்ட நீங்க போகாதீங்க, தலையணை வெச்சுக் குழந்தையை உங்ககிட்ட ஏத்துங்க. எழுந்திருக்கறப்போ முழங்காலைச் சேர்த்து ஒருக்களிச்சுத் திரும்பி, கையை ஊனி எழுங்க."

பிறகு மூச்சு. முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே மேலே இழுத்து, ஐந்து எண்ணி, விட வேண்டும். ஆறிய தழும்பை விரலால் மெல்ல நீவிவிட வேண்டும். அவள் அதுவரை அந்தத் தழும்பைத் தொட்டதே இல்லை. தொட்டபோது முகத்தைச் சுளித்தாள்.

"எப்ப சரியாகும் மேடம்?"

"தேதி சொல்ல மாட்டேன். தினமும் செய்யுங்க. அதிகமா வலிச்சா நிறுத்துங்க, தாங்கிக்கிட்டு செய்யாதீங்க."

5

முதல் பிரதியில், திரும்பி வரும் வழியில் நான் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதாக எழுதியிருந்தேன். ஈரமான பத்தி. அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லையே அண்ணி. படிக்கிறவங்ககிட்ட கேட்டா எனக்கு எப்படி வந்து சேரும்?"

பிரதியை மேஜையில் வைத்துவிட்டு நேரில் கேட்டேன். தும்மல் சமாசாரத்தையும் சொன்னேன்.

"பத்தொன்பது வருஷமாவா?"

"ம்."

"அப்ப நாளைக்குக் காலையில இன்னொரு பாய் விரிங்க. சேர்ந்தே பண்ணலாம்."

மன்னிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்து ஐந்து எண்ணினோம். மூன்றிலேயே எனக்கு விட்டுப்போனது.

6

பதினாறாவது வாரம் பணிமனையில், வேலைக்குத் திரும்புவதற்கான தகுதிச் சோதனை. இங்கே நான் எழுத ஆசைப்பட்டது: ‘இயந்திரம் உறுமியது, அவள் உடலும் உறுமியது’ (சீ!)

நடந்தது இதுதான். துணைக்குப் போன நான் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் ஆறு கம்பங்கள் நட்டிருந்தார்கள். அவற்றின் நடுவே வளைந்து வளைந்து ஓட்டி, கடைசியில் போட்ட கோட்டில் சட்டென்று நிறுத்த வேண்டும். அவள் கைப்பிடியைப் பிடித்து வலது காலை முதலில் வைத்து ஏறினாள், இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள், இரண்டு முழங்காலையும் சேர்த்தே உள்ளே திருப்பினாள். எல்லாம் பயிற்சியில் வந்தது. வண்டி கிளம்பியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கம்பத்தருகே நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் மெதுவாக இறங்கி வந்தாள்.

"என்னம்மா, வண்டியில எதாவது கோளாறா?" என்றார் பணிமனை மேலாளர்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் நிறுத்தினேன். கிளட்சை அழுத்தறப்போ இடது கால் அரை செகண்ட் யோசிக்குது. பின்னாடி அறுபது பேர் நிப்பாங்க."

"அப்ப தகுதியில்லைன்னு போட்டுடவா?"

"இன்னைக்கு இந்த வண்டிக்கு இல்லைன்னு போடுங்க. ஆட்டோ கியர் வண்டி ரெண்டு இருக்கே, கிளட்சே கிடையாது. அதுல டெஸ்ட் வைங்க, இப்பவே ஓட்டிக் காட்டறேன். ஆறு வாரம் அரை ஷிப்ட் குடுங்க. அப்புறம் திரும்ப இதே முற்றம், இதே கம்பம், நான் வரேன்."

"படிவத்துல ரெண்டு கட்டம்தான்மா இருக்கு. தகுதி உண்டு, இல்லை."

"கட்டத்துக்கு வெளியில எடம் இருக்கு சார்."

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். எனக்குள் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. அவள் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள். "அண்ணி, நீங்க உட்காருங்க. நான் பேசிக்கிறேன்."

மேலாளர் படிவத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: அவர் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார். வாரப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.

இரண்டு: "இல்லை" கட்டத்தில் கோடு. அவள் பேருந்து நிலைய விசாரணைக் கூண்டில் உட்கார்ந்து பேருந்து நேரம் சொல்கிறாள். இலக்கியப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.

மூன்று: என் தம்பி ஓடி வந்து… வேண்டாம், அவன் அன்றைக்கு வரவே இல்லை.

உண்மையில் அவர் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியும். போன வாரம் அவளிடம் கேட்டேன், போடட்டுமா என்று. தழும்பை நீவிக்கொண்டே சொன்னாள்:

"வேலை கெடச்சுதுன்னு எழுதினா வலி போயிடுச்சுன்னு நெனைப்பாங்க. கெடைக்கலேன்னா வலி ஜெயிச்சுடுச்சும்பாங்க. ரெண்டுமே இல்ல. போன மாசத்துக்கு இப்ப கம்மி. இன்னைக்குக் காலையில மறுபடி குத்துச்சு. நாளைக்கு எப்படியோ, தெரியாது. அதை எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஆனால் படிவத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த அறைக்குள் மேலாளர் பேனாவைத் திறந்தபோது பக்கத்தில் நான் இல்லை. நீங்கள் உள்ளே போய் அந்தப் பேனாவை வாங்கிக்கொள்ளலாம். கட்டங்கள் இரண்டு, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள், அவள் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்; இருபது நிமிடமாயிற்று, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி நிற்கிறாள்.

சீக்கிரம் எழுதுங்கள்.