பூவாத்தாள் பேரில் ஒரு வியாதி

மயிலம்மாளுக்குப் புருவம் வரைந்துவிடப் பூவாத்தாளுக்குக் கை வரவில்லை. கண்மைப் பென்சிலைப் பிடித்துப் பழகாத கை. இடது புருவம் மேலேறிப் போனது, வலது புருவம் அதற்கு ஈடுகொடுக்காமல் கீழேயே நின்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். மயிலம்மாள் பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"போதும் பூவு. ஆபீசுக்குத்தானே போறோம், கல்யாணத்துக்கா போறோம்?"

"செத்த இருங்க நங்கை. அங்க பாக்கறவங்க என்னமோ ஏதோன்னு நெனைச்சுப் போடுவாங்க."

நினைக்கட்டுமே என்று விட்டுவிட முடியாத நிலைமை. புற்றுநோய்க்கு ஊசி போட்டுத் தலைமுடியோடு புருவமும் உதிர்ந்துபோனவள் மயிலம்மாள். நியாயமாகப் பார்த்தால் அந்த வெறும் புருவத்தைக் காட்டித்தான் இந்த நாட்டில் தங்க அனுமதி கேட்க வேண்டும். காட்ட வேண்டியதை மறைத்துக்கொண்டு போகும்படி ஆக்கி வைத்தது வேறு யாருமில்லை, பூவாத்தாளும் அவள் புருசன் செங்கோடனும்தான்.

மயிலம்மாள் மலேசியாக்காரி. செங்கோடனின் பெரியப்பா அப்புசாமி, மல்லசமுத்திரத்துப் பக்கமிருக்கிற இந்த ஊரிலிருந்து மீசை முளைக்காத வயதில் ரப்பர்த் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிப் போனவர். போனவர் போனவர்தான். அவருடைய ஒரே மகள் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்தாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஓய்வு பெற்றதும் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அப்பாவின் ஊரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே செங்கோடன் அவளைக் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பங்காளிகள் முன்னால் நிறுத்தி, "எங்க அக்கா" என்றான். கூடப் பிறந்தவர்கள் யாருமில்லாத மயிலம்மாள் அந்த ஒரு வார்த்தைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பூவாத்தாளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நங்கை என்று கூப்பிடப் புருசனின் அக்கா ஒருத்தி திடீரென்று ஆகாய விமானத்தில் வந்து இறங்கினால் எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்? ஆனால் மயிலம்மாள் அதிகாரம் செய்கிற நங்கையாக இல்லை. காலையில் எழுந்து டப்பாப் பால் ஊற்றிக் கெட்டியாகக் காப்பி கலந்து பூவாத்தாளுக்குத்தான் முதல் டம்ளர் கொடுப்பாள். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டும்போது வரப்பில் உட்கார்ந்து மலாய்ப் பாட்டுப் பாடுவாள். இரண்டு வருசத்தில் பூவாத்தாளுக்கு அவள் இல்லாமல் ஆகாது என்றாகிவிட்டது.

அப்புறம்தான் மார்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது.

இந்த இடத்தில் அந்த ஊரைப் பற்றி ஒன்று தெரிந்தாக வேண்டும். காகிதத்தில் இருக்கிற பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமென்று அங்கே யாரும் நினைத்ததே இல்லை. செங்கோடன் தோட்டத்துக் கரண்ட் சர்வீஸ் இன்னமும் செத்துப்போன பாட்டன் பேரில்தான் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் விழுகிறது, பாட்டன் ஒருநாளும் ஆட்சேபணை சொன்னதில்லை. டிராக்டர் மச்சினன் பேரில், கேஸ் சிலிண்டர் தங்கச்சி பேரில். அவசரத்துக்கு யார் பேர் கைக்கு அகப்படுகிறதோ அந்தப் பேரைப் போட்டுக்கொள்வார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனபோது கவுண்டரில் இருந்த பையன் பாஸ்போர்ட் கேட்டான். வெளிநாட்டுக்காரர் என்றால் தனி பாரம் உண்டு, போலீசுக்கும் தகவல் போகவேண்டும் என்றான். செங்கோடனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது.

"ஆருங்க வெளிநாட்டுக்காரி? எங்க பெரியப்பன் பொண்ணுங்க அது. எங்க ஊட்ல இருக்குது, எங்க சோத்தத் திங்குது. அதப் போயி போலீசுக்கு எழுதிக் குடுக்கறீங்களா?"

அவனுடைய பழக்கமே அதுதான். எதற்கும் 'நான் பாத்துக்கறேன்' என்று முன்னால் போய் நிற்பான், பார்த்துக்கொண்ட லட்சணம் பிறகுதான் தெரியும். நேராகப் பூவாத்தாளிடம் வந்து குடும்ப மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கேட்டான். வேறொரு கவுண்டருக்குப் போனான். நோயாளி பெயர் பூவாத்தாள், கணவர் பெயர் செங்கோடன் என்று பதிவாயிற்று. விரல் ரேகை வைக்கிற நேரம் வந்தபோது பூவாத்தாளே போய் வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நங்கைக்குத் தன்னால் கொடுக்க முடிந்தது இந்தக் கட்டைவிரலாவது இருக்கிறதே என்று நினைத்தாள்.

வார்டில் நர்சு 'பூவாத்தாள்' என்று கூப்பிட்டபோது மயிலம்மாள் திருதிருவென்று விழித்தாள். பூவாத்தாள்தான் விசயத்தைச் சொன்னாள். ஆபீசில் வேலை பார்த்தவளாயிற்றே, அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இனிமே நான்தான் பூவு, நீ மயிலு" என்று சிரித்துவிட்டாள். ஆப்பரேசன் நடந்தது. ஊசி ஆரம்பித்தார்கள். மூன்று ஊசி முடிந்திருந்தபோது விசா முடியும் காலம் வந்துவிட்டது.

விசா வேலையெல்லாம் கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற தனப்பிரியாதான் பார்த்துக் கொடுப்பாள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவ சும்மா நீட்டிக் குடுக்க மாட்டாங்க அம்மா. ஆனா நீங்க பயப்படாதீங்க. வைத்தியம் நடக்குதுன்னு ஆஸ்பத்திரி லெட்டர் வெச்சா இருக்க உட்ருவாங்க. ரிப்போர்ட்டக் குடுங்க, ஏத்திப் போடறேன்."

செங்கோடன் பைலை நீட்டினான். தனப்பிரியா முதல் தாளைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், கடைசித் தாள்வரை புரட்டினாள்.

"ஏனுங்ணா, இது பூவாத்தா அக்கா ரிப்போர்ட்டுங்க. அம்மாளுது எங்க?"

செங்கோடன் தலையைச் சொறிந்தான். பூவாத்தாளுக்கு அந்த நிமிசம்தான் புரிந்தது. காகிதப்படி நோயாளி தானே. ஒரு மார்பை எடுத்ததும் தனக்கு, முடி கொட்டியதும் தனக்கு. மயிலம்மாளுக்குக் காகிதப்படி ஒரு தலைவலிகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் நல்ல மனிதர், மயிலம்மாளை உட்காரவைத்துத்தான் பேசினார். பேரை மாற்றினால் ஆள் மாறாட்டம் என்று ஆகும், அட்டைக்காரர் மேலும் ரேகை வைத்தவர் மேலும் வழக்கு வரும், ஆஸ்பத்திரிக்கும் வரும் என்றார். "எனக்குத் தெரியாத மாதிரி இருக்கேம்மா. அதுக்கு மேல என்னால முடியாது." திரும்பி வரும் வழியில் மயிலம்மாள்தான் பேசினாள்.

"அங்கேயும் கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்குலா. நல்ல ஆஸ்பத்திரி. நான் போயி பாத்துக்கறேன். ஆபீசுல கெளம்பறதுக்கு ஒரு கையெழுத்து வாங்கிட்டாப் போதும்."

ஆஸ்பத்திரி இருக்கிறது, சரி. ஊசி போட்ட அன்று ராத்திரி வாந்தி எடுக்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்?  பூவாத்தாள், தான் ஜெயிலுக்குப் போனாலும் சரி, விசா அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். புருசனிடமும் சொல்லவில்லை, நங்கையிடமும் சொல்லவில்லை. குளிக்கும்போதும் சோறாக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'வியாதி அவங்களுக்குங்க. பேரு மட்டுந்தான் என்னுதுங்க. தப்பு எங்க மேலங்க.'

இப்போது புருவம் ஒருவழியாகச் சமமாகிவிட்டது. பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு மயிலம்மாள் காரில் ஏறினாள்.

நாமக்கல்லில் வெளிநாட்டினர் பதிவு பார்க்கிற அறை சின்ன அறைதான். செங்கோடன் காரை நிழலில் நிறுத்துகிறேன் என்று வெளியிலேயே நின்றுகொண்டான். அழுக்கே இல்லாத கண்ணாடியை அவன் துடைத்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே இருந்த அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. சிடுசிடுப்பு இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் பூவாத்தாளுக்குத் தைரியம் வந்தது.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இதுக்கு மேல சாதாரணமா நீட்டிக்க வழியில்ல. உடம்புக்கு ஏதாவது இருந்து, இங்க வைத்தியம் நடக்குதுன்னா எழுதிக் கேக்கலாம். நானே எழுதுறேன். அப்படி ஏதாவது இருக்கா?"

"இல்லங்கம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"தலையில என்ன துணி?"

"பழனிக்கு முடி குடுத்தேன். ஒரு வேண்டுதல்."

பூவாத்தாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இந்தப் பொய்யை நங்கை எப்போது யோசித்து வைத்தாளோ தெரியவில்லை. அவ்வளவு இயல்பாக வந்தது. இந்த மண்ணில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டாத பொய் அது.

அதிகாரி மறுகேள்வி கேட்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்தாள். அறையில் காற்றாடி மெதுவாகத்தான் சுற்றியது. மயிலம்மாளின் நெற்றியில் வேர்த்து, இடது புருவம் கரைந்து ஓரத்தில் கோடாக இறங்கியிருந்தது. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூவாத்தாள் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே கூட இருக்கறவங்க? நீங்க சொல்லுங்க. அம்மாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கா? ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஊருக்குத் திரும்பிப் போற இந்தக் காகிதத்துல ஒருதடவ கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எவ்வளவு பெரிய கதவு. அந்தப் பெண்மணி அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பூவாத்தாள் வாயைத் திறந்தாள். குளிக்கும்போதும் சோறாக்கும்போதும் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. சுவரோரம் ஒரு போலீஸ்காரர் நின்றார், அவ்வளவுதான். அவர் இவளைப் பார்க்கக்கூட இல்லை. ரேகை வைத்த கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கறாங்க. பழனிக்கு நானுந்தான் கூடப் போயிருந்தேனுங்க" என்றாள்.

அதிகாரி இன்னும் ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை எடுத்தாள்.

மேசைக்கடியில் மயிலம்மாள் பூவாத்தாளின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். வெளியே வந்ததும், "நல்ல வேளை, டக்குனு சொன்னே பூவு. நான் பயந்துட்டேன்" என்றாள். ஒரு அறை விட்டிருந்தாலும் பூவாத்தாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புறப்படுகிற அன்றைக்குப் பூவாத்தாள் ஆஸ்பத்திரி பைலைக் கொண்டுவந்து பெட்டியில் துணிக்கு மேலே வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க நங்கை. அங்கத்த டாக்டருக்குக் காட்டோணுமல்ல."

மயிலம்மாள் பைலைத் திறந்து பார்த்தாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆப்பரேசன் குறிப்பு, எந்த மருந்து எவ்வளவு ஏற்றினார்கள் என்ற விவரம் எல்லாம் இருந்தன. எல்லாத் தாளிலும் மேலே ஒரே பேர்தான். மூடித் திரும்பக் கொடுத்துவிட்டாள்.

"இதக் காட்டினா இது யாரோட வியாதின்னு கேப்பாங்க. வேணாம் பூவு. அவங்களே மொதல்ல இருந்து பாக்கட்டும்."

திருச்சி விமான நிலையத்தில் செங்கோடன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மயிலம்மாள் அவன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஒரு சின்னப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். அவள் உள்ளே போன பிறகும் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

அங்கிருந்து போன் வந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கொடுத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் புதிதாக எடுக்கிறார்கள், முடிவு வர நாளாகும், அதுவரைக்கும் ஊசி இல்லை என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அடுத்த முறை கூப்பிட்டபோது இன்னும் கீழே போயிருந்தது. அப்புறம் இவர்கள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

ஒருநாள் காட்டிலிருந்து பூவாத்தாள் வந்து கையைக் கழுவும்போது போன் அடித்தது. மயிலம்மாளாக இருக்கும் என்று ஈரக்கையோடு ஓடி எடுத்தாள். சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்சு.

"பூவாத்தாளுங்களா? ஏம்மா, நாலாவது ஊசிக்கு வரவே இல்லையே? நடுவுல நிறுத்துனா திரும்பவும் வந்துரும்மா. டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. உடம்பு எப்படி இருக்கு?"

பூவாத்தாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த அறையில் சொல்ல வராதது இப்போது தானாக வந்தது.

"அது நானில்லீங்க சாமி. வியாதி எங்க நங்கைக்குங்க. பேரு மயிலம்மாள். அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. நாங்கதான் அனுப்பிச்சுட்டோமுங்க."

எதிர்முனையில் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மயிலம்மாளா? அப்படி யாரும் எங்ககிட்ட வைத்தியம் பாக்கலையேம்மா" என்றாள் நர்சு.